வீட்டில் துறுதுறு குழந்தையோடு ஒரு முழு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தையோடு பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா யாராக இருந்தாலும் சரி. என் மகள் ஒன்றேகால் வயதில் ஓடத் தொடங்கினாள். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் பகலெல்லாம் அவளோடு வீட்டில் இருந்தவள் நான். அப்போது நான் பதில் தேடிய கேள்விகளும், பின்னால் மற்றப் பெற்றோர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் கீழே இருக்கின்றன.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் பொழுதை நிமிடத்துக்கு நிமிடம் நிரப்ப வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இல்லை. இடமும், கையாள நாலு பொருளும், பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் பெரும்பாலான நேரத்தை அது தானே நிரப்பிக்கொள்ளும்.

ஐந்து நிமிடம்கூட ஒரு இடத்தில் உட்காருவதில்லை. குழந்தைக்கு ஏதாவது குறை இருக்குமோ?

இந்த வயதில் உட்காராமல் இருப்பதுதான் இயல்பு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கேரன் அடால்ஃபும் அவர் குழுவினரும், 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் தம்போக்கில் விளையாடும்போது எத்தனை அடி வைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள். 17 முறை விழுந்தும் எழுந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவு.

இந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து என் மகளின் ஓட்டத்தைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது. அதுவரை "ஏன் இப்படி அலைகிறாள்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அலையவில்லை, பழகிக்கொண்டிருந்தாள். நடையைச் சொல்லிக்கொடுக்க முடியாது. விழுந்து விழுந்துதான் அது கால்களுக்குள் இறங்க வேண்டும். அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அவள் போனதற்கு அங்கே ஏதோ வேண்டும் என்பது காரணமே இல்லை. போவதுதான் காரணம்.

கவனமும் அப்படித்தான். இரண்டு நிமிடம் ஒரு டப்பா மூடியோடு மல்லுக்கட்டிவிட்டு எழுந்து போகும் குழந்தை, பத்து நிமிடம் கழித்து அதே மூடியிடம் திரும்பி வரும். கவனித்துப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

அப்படியென்றால் எப்போதுதான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்?

ஓட்டத்தை மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம். ஏடிஎச்டி என்கிற கவனச் சிதறல் பிரச்சினையைக் கண்டறிய அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி தந்திருக்கும் வழிகாட்டுதலே 4 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை, பிடித்த ஒன்றை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுவதில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, முன்பு பேசிய சொற்களையோ செய்துகொண்டிருந்ததையோ விட்டுவிட்டது என்றால் காத்திருக்காமல் போய்க் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினாலும் அது வீண் பயணம் ஆகாது.

காலை எழுந்தது முதல் இரவு வரை அட்டவணை போட வேண்டுமா?

நான் போட்டேன். அரை மணிக்கு ஒன்று என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாளே கழற்றினேன். குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. ஆனால் எதற்குப் பிறகு எது வரும் என்பது நன்றாகத் தெரியும். அதனால் மணிக்கணக்கை விட்டுவிட்டு, மாறாத நாலைந்து விஷயங்களை மட்டும் ஆணி அடித்ததுபோல் வைத்துக்கொள்ளுங்கள். எழுவது, காலைச் சாப்பாடு, கொஞ்ச நேரம் வெளியே, மதியத் தூக்கம், குளியல், இரவு. இந்த ஆணிகளுக்கு நடுவே இருப்பது தளர்வாகவே இருக்கட்டும்.

இடைப்பட்ட நேரத்துக்கு எனக்கு உதவிய ஒரே விதி இதுதான்: ஓடியாடும் ஒன்று, அப்புறம் கைக்கு வேலை தரும் ஒன்று, மறுபடியும் ஓட்டம். ஓடாத குழந்தையிடம் கிரேயானைக் கொடுத்தால் அது சுவருக்குத்தான் போகும். முதலில் பத்து நிமிடம் நன்றாகக் குதிக்க விட்டால், பின்னர் தாளில் கொஞ்ச நேரமாவது நிற்கும்.

இன்னொன்று. ஒரு விளையாட்டைத் தயார்செய்ய ஆகும் நேரம், அதைக் குழந்தை விளையாடும் நேரத்தைவிடக் கூடினால் அந்த விளையாட்டு உங்களுக்கு வேண்டாம். இரவு உட்கார்ந்து வண்ண வண்ணமாக வெட்டி ஒட்டித் தயார்செய்த ஒன்றைக் காலையில் மூன்று நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போகும்போது, குழந்தை மேல் தேவையில்லாத கோபம் வரும். அது எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அந்த அட்டைப்பெட்டியைத்தான்.

வெளியே போகவே முடியாத நாள். இந்தச் சக்தியை எல்லாம் வீட்டுக்குள் எப்படிச் செலவழிக்க வைப்பது?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நாள் முழுக்கப் பரவலாகக் குறைந்தது 180 நிமிடம் உடல் இயக்கம் வேண்டும் என்கிறது அது. தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ கட்டிப்போட்டது போல ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மூன்று மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். ஏறுவது, இறங்குவது, தூக்கிக்கொண்டு நடப்பது எல்லாம் அதில் சேர்த்திதான்.

வீட்டுக்குள் சும்மா ஓடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். கனமான வேலை கொடுத்தால்தான் உடம்பு நிறைவடைகிறது. துணிக்கூடையில் நாலு புத்தகத்தைப் போட்டு, வீடு முழுக்கத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். துவைத்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தலையணைகளைக் குவித்து மலையாக்கினால் ஏறலாம், உருளலாம், உள்ளே புதையலாம். மேசை மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டால் குகை வந்துவிட்டது. தரையில் காகித டேப்பை நேராக ஒட்டினால் அதன்மேல் நடப்பதே ஒரு சவால். அடுத்த நாள் அதையே வளைத்து ஒட்டலாம். காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி வாளிக்குள் எறியச் சொல்லலாம். இவை எதற்கும் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

பாட்டைப் போட்டுக் குதித்து, பாட்டு நின்றதும் சிலைபோல் நிற்கும் விளையாட்டை இரண்டு வயதுக்குப் பிறகு நன்றாக ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு முன்பு நிற்கமாட்டார்கள். நிற்காவிட்டாலும் சிரிப்பு வரும், போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆட்டத்தை உச்சத்தில் நிறுத்தாதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து, ஆமைபோல் ஊர்ந்து, போர்வைக்குள் சுருண்டு படுத்து முடியுங்கள். திடீரென்று "போதும்" என்றால் அழுகையில்தான் முடியும்.

ஐந்து நிமிடம் வெளியே போக முடிந்தாலும் போய்விடுங்கள். வாசல்வரை போதும். குழந்தையின் வேகத்தில் போங்கள். அது எறும்புக்காக நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

பொம்மை நிறைய இருக்கிறது. ஆனால் எதையும் தொடுவதில்லை. ஏன்?

நிறைய இருப்பதால்தான். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை ஒரு தடவை 4 பொம்மைகளோடும், இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. குறைவாக இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் விளையாடினார்கள், அதை விதவிதமாகவும் பயன்படுத்தினார்கள்.

எனவே பெரும்பாலானவற்றைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். ஆறேழு மட்டும் வெளியே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து இரண்டு மூன்றை மாற்றுங்கள். பழைய பொம்மை புதிதாகத் திரும்பி வரும். மிகப் பிடித்த ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள். அது தூக்கத்துக்கும் துணை.

வீட்டுச் சாமானும் கொடுங்கள். பிரிட்டனைச் சேர்ந்த குழந்தைக் கல்வியாளர் எலினோர் கோல்ட்ஷ்மீட், உட்காரத் தெரிந்த குழந்தைகளுக்காக "புதையல் கூடை" என்ற ஒன்றைப் பரவலாக்கினார். மரக்கரண்டி, தூரிகை, துணி, உலோகக் கிண்ணம் என்று வெவ்வேறு தொடுவுணர்வு தரும் அன்றாடப் பொருள்களை ஒரு கூடையில் போட்டுக் குழந்தை முன் வைப்பது, பெரியவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான். நடக்கும் குழந்தைகளுக்கு இதையே கொஞ்சம் பெரிதாக்கினார்: காலி டப்பாக்கள், மூடிகள், வளையங்கள், அட்டைக் குழாய்கள் நிறைய. போடுவது, எடுப்பது, நிரப்புவது, கொட்டுவது. "பேசாமல்" என்பதில்தான் எனக்குச் சிரமம் இருந்தது. "இது என்ன நிறம்? இதை இப்படிப் போடு" என்று வாய் தானாகத் திறக்கும். மூடிக்கொண்ட நாட்களில் அவள் விளையாட்டு நீண்டது.

கையில் கிடைப்பதை எல்லாம் எறிகிறது, டப்பாவைத் திறந்து கொட்டுகிறது. இதை எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது, திருப்பிவிடலாம். எறிவது, கொட்டுவது, ஒன்றுக்குள் ஒன்றை அடைப்பது, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சாமான் கடத்துவது, சுழற்றுவது: இந்த வயதுக் குழந்தைகள் திரும்பத் திரும்பச் செய்வதைக் குழந்தைக் கல்வி படித்தவர்கள் இப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இத்தகைய திரும்பச் செய்தல்களில் குழந்தையின் சிந்தனையே உருவாகிறது என்று விளக்கினார். கரண்டி ஒவ்வொரு தடவையும் கீழேதான் விழுகிறதா? பந்து விழுந்தால் வரும் சத்தமும் தட்டு விழுந்தால் வரும் சத்தமும் ஒன்றா? அம்மா ஒவ்வொரு தடவையும் எடுத்துத் தருவாளா? குழந்தைக்கு இவை உண்மையான கேள்விகள்.

அதனால் என்ன செய்கிறது என்பதைப் பார்த்து, அதே செயலுக்கு வேறு பொருளைக் கொடுங்கள். எறிகிற வாரம் என்றால் மெத்துப் பந்துகளும் ஒரு கூடையும். "கிண்ணம் எறிய இல்லை, பந்து எறியலாம்" என்று சுருக்கமாக ஒரே வாக்கியத்தைத் தினமும் சொல்லுங்கள். கொட்டுகிற வாரம் என்றால் உயரமான விளிம்புள்ள ஒரு பெரிய தட்டு, அதில் இரண்டு குவளை. கடத்துகிற வாரம் என்றால் ஒரு பை. என் மகள் ஒரு மாதம் முழுக்க என் செருப்பையும் சாவியையும் குப்பைக் கூடைக்குள் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு பையும், அதில் போட ஒரு பழைய பர்ஸும் தந்த பிறகு சாவி தப்பியது.

கோபத்தில் எறிவது வேறு. அப்போது பொருளை வாங்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அழ விடுங்கள். பாடம் நடத்தும் நேரம் அது கிடையாது.

தண்ணீர் என்றால் உயிர். ஆனால் வீடு நனைகிறது. விடலாமா?

தாராளமாக விடலாம். வீட்டில் சிக்கிக்கொண்ட நாளைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்து தண்ணீரை மிஞ்ச ஒன்றுமில்லை. கீழே ஒரு பழைய துண்டை விரித்து, அகலப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டு குவளையும் ஒரு ஸ்பாஞ்சும் கொடுங்கள். ஸ்பாஞ்சைப் பிழிவது விரல்களுக்கு நல்ல வேலை. பெயின்ட் பிரஷ் ஒன்றைத் தண்ணீரில் தோய்த்துச் சுவரிலும் தரையிலும் "பெயின்ட்" அடிக்கச் சொன்னால், காயக் காய மறுபடி அடிக்கும். சோர்ந்து சிணுங்கும் மாலையில் குளியலையே சீக்கிரம் வைத்து நீட்டிக்கலாம்.

இதில் மட்டும் சமரசம் கிடையாது: தண்ணீர் இருக்கும்வரை உங்கள் கை எட்டும் தூரத்தில் குழந்தை இருக்க வேண்டும். ஓரிரு அங்குலத் தண்ணீர்கூடச் சின்னக் குழந்தை மூழ்கப் போதும், அதுவும் சத்தமில்லாமல். போன் அடித்தால் அடிக்கட்டும். கதவைத் திறக்க வேண்டும் என்றால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். விளையாடி முடித்ததும் பாத்திரத்தையும் வாளியையும் உடனே கவிழ்த்துவிடுங்கள்.

வீட்டு வேலை எதுவும் ஓடுவதில்லை. குழந்தையை எங்கே வைத்துவிட்டு வேலை பார்ப்பது?

எங்கேயும் வைக்காதீர்கள், வேலைக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் நாளைப் பாதியாகக் குறைத்தது இதுதான். முதலில் நானும் அவளுக்கு ஏதாவது விளையாட்டைக் காட்டிவிட்டு ஓடிப்போய் வேலை பார்ப்பேன். பின்னாலேயே வருவாள். மறுபடியும் கொண்டுபோய் விடுவேன். இரண்டு பேருக்கும் அழுகை.

இந்த வயதில் உதவும் ஆசை உண்மையிலேயே இருக்கிறது. 2006-இல் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகள் முன்னால் துணி க்ளிப்பைக் கீழே போட்டுவிட்டு எட்டாததுபோல் கையை நீட்டினார்கள். கேட்காமலே பெரும்பாலான குழந்தைகள் எடுத்துக் கொடுத்தன. அதே இருவர் இன்னொன்றும் கண்டார்கள். உதவியதற்குப் பரிசு கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக உதவின. அதனால் லஞ்சம் வேண்டாம். "கொடுத்தாயா, சரி, அடுத்தது" என்று வேலையைத் தொடர்ந்தாலே போதும்.

துணியை வாஷிங் மெஷினுக்குள் திணிப்பது, க்ளிப் எடுத்துத் தருவது, காலுறைக்கு ஜோடி தேடுவது, ஈரத்துணியால் அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைப்பது, குப்பையைக் கூடையில் போடுவது எல்லாம் ஒன்றரை வயதில் முடியும். நேரம் இரண்டு மடங்கு ஆகும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்கக் குழந்தையின் பொழுதும் போகிறதே. பத்து நிமிட வேலையை இருபது நிமிடத்தில் முடித்தால் ஒரு விளையாட்டும் சேர்ந்து முடிந்தது.

அடுப்பு, கத்தி, இஸ்திரி வேலைகளைத் தூங்கும் நேரத்துக்கோ, இன்னொருவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கோ தள்ளுங்கள்.

தனியாக விளையாடவே மாட்டேன் என்கிறது. காலைக் கட்டிக்கொண்டே நிற்கிறது.

முதலில் நிரப்புங்கள், பிறகு விலகுங்கள். பத்து நிமிடம் போனைத் தொடாமல் தரையில் உட்கார்ந்து, அது சொல்வதை மட்டும் செய்யுங்கள். விளையாட்டில் அது ஆழ்ந்ததும் எழுந்து போகாதீர்கள். அதே அறையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து துணி மடியுங்கள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி. போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். ஏமாற்றி நழுவினால், அடுத்த தடவை விளையாட்டில் பாதிக் கண் உங்கள் மேலேயே இருக்கும்.

தானாக ஆழ்ந்து விளையாடும்போது "சபாஷ்" என்றுகூடக் குறுக்கிடாதீர்கள். நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் புன்னகைத்தால் போதும்.

டிவி, போன் கொடுக்கலாமா?

உலக சுகாதார அமைப்பின் அதே வழிகாட்டுதல், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி இந்தத் தடையில் சேர்க்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும், காய்ச்சலோடு நான் படுத்திருந்த நாளில் கொடுத்தேன். நீங்களும் அப்படி ஒரு நாளில் கொடுத்தால் அதற்காக உருகிப் போகாதீர்கள். கொடுப்பதென்றால் மெதுவாக நகரும், தானாக முடிந்துவிடும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். அடுத்தடுத்துத் தானே ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். அழுகையை நிறுத்தும் மருந்தாக மட்டும் திரையைப் பழக்காதீர்கள். அதுதான் பிறகு கழற்ற முடியாத பழக்கமாகிறது.

என்னை உண்மையில் மாற்றியது வேறு ஒரு செய்தி. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளை ஒரு மணி நேரம் பொம்மைகளோடு விட்டு, அதில் பாதி நேரம் மட்டும் பெரியவர்கள் பார்க்கும் ஒரு டிவி நிகழ்ச்சியைப் பின்னணியில் ஓடவிட்டார்கள். குழந்தைகள் அதை அதிகம் ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு விளையாட்டும் சீக்கிரம் அறுந்துபோனது, கவனமும் குறைந்தது. எங்கள் வீட்டில் யாரும் பார்க்காமல் துணைக்கு என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த டிவியை அன்றைக்கு அணைத்தேன். தனிமை முதல் சில நாள் உறைத்தது. பிறகு ரேடியோவில் பாட்டைக் குறைந்த சத்தத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன்.

ஒரே புத்தகத்தை நூறாவது தடவை கேட்கிறது. வேறு படிக்கலாமா?

அதையே படியுங்கள். மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. ஓடிக்கொண்டே கேட்கும். நீங்கள் ஒரு வரியை விட்டுப் பாருங்கள், உடனே நின்று திருத்தும்.

மதியம் தூங்க மறுத்தால்?

ஒன்று, இரண்டு வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். இரண்டு பகல் தூக்கம் ஒன்றாவது பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் நடக்கும். மூன்று வயதுக்கு முன்பு அந்த ஒன்றையும் முழுக்க விட்டுவிடும் குழந்தைகள் குறைவு. எனவே ஒரு வாரம் மறுத்தால் விட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அறையை இருட்டாக்கி, பக்கத்தில் படுத்து, பேசாமல் இருங்கள். தூங்காவிட்டாலும் அந்த ஓய்வு அதற்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணியானால் பேய் பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. ஏன்?

களைத்த பெரியவர் சாய்ந்துகொள்வார். களைத்த குழந்தை இன்னும் வேகமாக ஓடும். "சக்தி மிச்சம் இருக்கிறது போல" என்று நினைத்து அப்போது இன்னும் ஆட வைத்தால் நிலைமை முற்றும். அந்த நேரத்துக்குப் புதிதாக எதையும் வைக்காதீர்கள். விளக்கைக் குறைத்து, குளியலை முன்னால் கொண்டுவந்து, சாப்பாட்டையும் அரை மணி முன்னால் தள்ளிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த அரை மணி பல சாயங்காலங்களைக் காப்பாற்றியது.

வேறு குழந்தை வந்தால் பொம்மையைப் பிடுங்குகிறது, சேர்ந்து விளையாடுவதே இல்லை.

இந்த வயதில் சேர்ந்து விளையாடுவது என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதுதான். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே இதைத் தனி நிலையாகக் குறித்து வைத்தார். ஒரே மாதிரி பொருள் இரண்டு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாளி, இரண்டு கரண்டி. மிகப் பிடித்த பொம்மையை விருந்தாளி வருமுன் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு நிமிடமும் பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் உட்கார வழி இல்லையா?

ஒரே ஒரு அறையையாவது "வேண்டாம், தொடாதே" என்று சொல்லத் தேவையில்லாத அறையாக மாற்றுங்கள். முட்டி போட்டுக் குழந்தையின் உயரத்துக்கு வந்து, அறையைச் சுற்றிப் பாருங்கள். நின்றால் தெரியாதது எல்லாம் தெரியும். அலமாரியையும் டிவியையும் சுவரோடு பிணைத்து மாட்டுங்கள். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறும் குழந்தை மேல் அவை சாயக்கூடும். ஜன்னல் திரைக் கயிற்றை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். மருந்து, சுத்தம் செய்யும் திரவங்கள் எல்லாம் உயரத்தில், பூட்டுக்குள். டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டன் பேட்டரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரிமோட், எடைக்கருவி, பாடும் வாழ்த்து அட்டை என்று எதிலெல்லாமோ அது இருக்கிறது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

இவ்வளவும் ஒரு தடவை செய்துவிட்டால், அந்த அறையின் தரையில் நீங்கள் முதுகைச் சாய்த்து உட்காரலாம். உங்கள் மேலேயே ஏறி இறங்கட்டும். நீங்களும் ஒரு மலைதான்.

குழந்தை மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆனால் அதோடு இருப்பது சலிப்பாக இருக்கிறது, சில நேரம் ஆத்திரம் வருகிறது. நான் மோசமான அம்மாவா?

இல்லை. ஒரு மூடியை நாற்பது தடவை திறந்து மூடுவது குழந்தைக்கு ஆராய்ச்சி, பெரியவருக்குச் சலிப்பு. இரண்டும் உண்மை. அன்பு குறைவாக இருப்பதால் அந்தச் சலிப்பு வருவதில்லை. நாள் முழுக்கப் பேச இன்னொரு பெரியவர் இல்லாததால்தான் பெரும்பாலும் வருகிறது. எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது.

ஆத்திரம் தலைக்கேறும் தருணத்தில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். குழந்தையைத் தொட்டிலிலோ அந்தப் பாதுகாப்பான அறையிலோ விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே வந்து, சில நிமிடம் மூச்சு விடுங்கள். முகம் கழுவுங்கள். அந்தச் சில நிமிட அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் மூளைக்குள் காயம் ஆகும். எந்தக் கோபத்திலும் உலுக்கக் கூடாது. பல வாரமாக எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இருட்டாகவே இருந்தால் அது சலிப்பு மட்டும் இல்லை. மருத்துவரிடம் போய் அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது குழந்தையை நம்பிக்கையான ஒருவரிடம் விடுங்கள். கணவரோ, மனைவியோ, அக்காவோ, உங்களைப்போலவே குழந்தையோடு இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரோ. பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அடுத்த வாரம் அவர் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு மணி நேரத்தில் பாத்திரம் கழுவாதீர்கள், துணி மடிக்காதீர்கள். பிடித்த ஒருவருக்குப் போன் செய்து, அவர் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால் குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.